பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்

கேள்வி: நான் உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. வயது 46. வீட்டுக்கடன் 25 லட்சம் வாங்கி, சென்ற மாதம்தான் தவணை தொடங்கியது: வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு, மாதம் 21,696 ரூபாய். நகரக் கூட்டுறவு வங்கி ஒன்றில் 7 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. 7 சதவீதம் வட்டி. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது ரெப்போ, ஃப்ளோட்டிங் என்று சொன்னது ஒன்றும் புரியாமல் வெட்கமாகிவிட்டது. பொருளாதாரம், வங்கி பற்றி நான்கு ஆங்கிலப் புத்தகங்கள் வாங்கினேன். நாற்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. 18,000 ரூபாய் கட்டி ஆன்லைன் வகுப்பில் சேரட்டுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம் டீச்சர். அந்தப் பணம் எங்கே போகலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட நான்கு புத்தகங்களில் மூன்று அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே வீட்டுக்கடன் பெரும்பாலும் 30 வருடத்துக்கு மாறாத வட்டி. மத்திய வங்கி வட்டியை ஏற்றினாலும் பழைய கடன்காரரின் தவணை அசையாது. இங்கே 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாகத் தரும் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனை, அதாவது வட்டி ஏறி இறங்கும் கடனை, வெளி அளவுகோல் ஒன்றோடு இணைத்தாக வேண்டும். பெரும்பாலான வங்கிகள் எடுத்துக்கொண்டது ரெப்போவை. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டிதான் அது. அது நகர்ந்தால் உங்கள் கடனும் நகரும். ஆக, அந்தப் புத்தகங்களின் வட்டி அத்தியாயம் உங்களுக்கு ஊரான் வீட்டுக் கதையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடநூலில் தொடங்குங்கள். இணையத்தில் இலவசம். பணத்துக்கும் வங்கிக்கும் தனித்தனிப் பாடம் உண்டு. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டால் கலைச்சொல் பிடிபடும். சொல்லாக்கத்தில் குற்றம் கண்டுபிடிக்கும் சுகமும் தமிழாசிரியைக்கு இலவசமாகக் கிடைக்கும்.

அப்புறம் ஏதாவது ஒரு வங்கியின் ஆண்டறிக்கையில் இருப்புநிலைக் குறிப்பை (பேலன்ஸ் ஷீட்) மட்டும் திறந்து பாருங்கள். உங்கள் டெபாசிட் அங்கே 'பொறுப்புகள்' பக்கம் இருக்கும். நீங்கள் வாங்கிய கடன் 'சொத்துகள்' பக்கம். நாம் வங்கியில் 'போட்டு வைக்கவில்லை', வங்கிக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். பி.காம். முடித்து மூன்று வருடம் கழித்துத்தான் எனக்கே இது உறைத்தது.

இது உறைத்துவிட்டால் கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு நடந்ததும் புரியும். 2020 நவம்பரில் அதன் வாடிக்கையாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. அதே மாதம் வங்கி, சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. வங்கி வெளியிட்ட கடன் பத்திரங்களில் (பாண்ட்) பணம் போட்டவர்களுக்கும் சுமார் 318 கோடி போயிற்று. டெபாசிட் முழுதாகத் தப்பியது. ஒரே வங்கியில் மூன்று வகைப் பணம், மூன்று வகை விதி. யாருக்கு முதலில் நஷ்டம் என்ற வரிசையைத்தான் புத்தகங்கள் 'மூலதனம்' என்ற தலைப்பில் முப்பது பக்கம் எழுதுகின்றன.

எல்லா வங்கிக்கும் இப்படி எடுத்துக்கொள்ள ஆள் வராது. வராதபோது டெபாசிட் காப்பீடுதான். ஒருவருக்கு ஒரு வங்கியில் எத்தனை கிளையில் இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. 2020 பிப்ரவரிக்கு முன் இது வெறும் 1 லட்சம். நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு இது உண்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கிடையாது. கிராமத்தில் யாராவது கேட்டால் சொல்லுங்கள். உங்கள் 7 லட்சத்தில் 2 லட்சமும் அதன் வட்டியும் குடைக்கு வெளியே நிற்கின்றன.

இப்போது பாஸ்புக்கை எடுங்கள். முதல் தவணை 21,696இல் வட்டி 17,708. அசலில் கழிந்தது 3,988 மட்டும். வட்டி அரை சதவீதம் ஏறி 9 ஆனால், வங்கி பெரும்பாலும் தவணையை ஏற்றாது, காலத்தை நீட்டும்: 240 மாதம் 267 ஆகிவிடும். உங்களுக்கு வயது 46 என்பதை மறக்க வேண்டாம். மாறாக, இப்போதே 2 லட்சத்தை அசலில் கட்டினால், 8.5 சதவீதத்திலேயே 197 மாதத்தில் கடன் முடியும். நாற்பத்து மூன்று தவணை மிச்சம். 7 சதவீதம் சம்பாதித்து, அதற்கு வருமான வரியும் கட்டிக்கொண்டு, 8.5க்கு வட்டி கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஆகவே டெபாசிட் முதிர்ந்ததும் நாலரை லட்சத்தை அவசரத்துக்காக அங்கேயே விடுங்கள். ஒரு வருட வட்டி சேர்ந்தாலும் 5 லட்சத்தைத் தாண்டாது. ஐம்பதாயிரம் சம்பளக் கணக்கில் இருக்கட்டும். 2 லட்சத்தைக் கடனில் கட்டுங்கள், கூடவே வகுப்புக்கு வைத்த 18,000ஐயும். தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் கிடையாது. தவணைத் தொகையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்பார்கள். காலத்தை என்று எழுத்தில் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.