ராமேஸ்வரத்தைத் தவிர ராமநாதபுரம் கடற்கரையில் என்ன இருக்கிறது? கார் இல்லாமல், ரயிலும் பஸ்ஸுமாக 4 நாளில் 4,000 ரூபாய்க்குள் சுற்ற முடியுமா?

இருவராக வந்தால் முடியும். ஆனால் கேள்வியின் முதல் பாதியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. வடக்கே எஸ்.பி.பட்டினம், தெற்கே நரிப்பையூர் என்று ஒரு மாவட்டமே கடலை ஒட்டிக் கிடக்கிறது. ஊர் ஊராகத் துறைமுகம், தர்கா, சிவன் கோயில், பெருமாள் கோயில், மாதா கோயில் எல்லாம் இருக்கின்றன. வருகிறவர்களோ ராமேஸ்வரத்தில் குளித்து, தனுஷ்கோடியில் செல்ஃபி எடுத்து, மறுநாள் கிளம்பிவிடுகிறார்கள். போய் "தண்ணியில்லாக் காடு, பார்க்க ஒன்றுமில்லை" என்று எழுதுவதும் அவர்கள்தான்.

நீங்கள் சென்னைப் பக்கத்துக்காரர், இளவயது, ஒருவரோ இருவரோ, முதுகில் ஒரு பை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வயதான பெற்றோரோடு வருபவர்களுக்கான பதில் இது அல்ல. "அம்மாவை இப்படி அலையவிடலாமா" என்று யாரும் கேட்க வேண்டாம். கட்டணங்களையும் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தங்கும் இடம். எல்லோரும் ராமேஸ்வரத்தில் அறை போட்டுவிட்டு அங்கிருந்து மற்ற ஊர்களைப் பார்க்க நினைப்பதில்தான் பணமும் நேரமும் வீணாகின்றன. ராமேஸ்வரம் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து 55 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ராமநாதபுரத்திலிருந்தோ தேவிபட்டினம் 15 கிலோமீட்டர், திருப்புல்லாணி 10, கீழக்கரை 17 என்று எல்லாம் கைக்கெட்டும் தூரம். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் ஏசி இல்லாத அறை 500 முதல் 800 ரூபாய்க்குள் கிடைக்கும். ராமேஸ்வரத்தில் ஆடி, தை, மகாளய அமாவாசைகளை ஒட்டி இதே மாதிரி அறைக்குச் சொல்லும் விலை வேறு. அறை கிடைப்பதே பெரிது. எனவே 2 இரவு ராமநாதபுரம், 1 இரவு ராமேஸ்வரம்.

ரயிலுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸும் போட் மெயிலும் இரவு வண்டிகள். படுக்கை வசதிக்கு 400 ரூபாயை ஒட்டி வரும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, தொடர் விடுமுறை என்றால் அன்றே போட்டுவிடுங்கள். பலரும் கவனிக்காத ஒன்று, சேது விடியுமுன்பே பாம்பன் பாலத்தைத் தாண்டிவிடும். பாலத்தைப் பார்க்கவே ஆசைப்பட்டு வந்தவர்கள் இருட்டில் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஆகவே அந்த வண்டியில் ராமநாதபுரத்திலேயே இறங்கிவிடுங்கள். பாலத்தைப் பகலில் கடக்க மதுரை–ராமேஸ்வரம் பயணிகள் ரயில் இருக்கிறது, அதில் ராமநாதபுரத்தில் ஏறலாம். பகலிலேயே வர விரும்பினால் 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கிய தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டி உண்டு. திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக வந்து மாலையில் பாலத்துக்கு வரும்.

முன்பதிவில்லா டிக்கெட்டில் இரண்டு சிக்கல். பயணிகள் ரயிலுக்கு எடுத்த சாதாரண டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம். அடுத்தது, 200 கிலோமீட்டருக்குக் குறைந்த தூரத்துக்கு எடுத்த டிக்கெட் 3 மணி நேரத்துக்குள்ளோ, அந்த ஊருக்கான அடுத்த ரயில் கிளம்புவதற்குள்ளோ பயணம் தொடங்கத்தான் செல்லும். காலையில் எடுத்து வைத்துக்கொண்டு மாலையில் ஏறக் கூடாது. காற்று பலமாக அடித்தால் பாம்பனில் ரயிலை நிறுத்தி வைப்பார்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது இது நடக்கும். அடுத்த இணைப்பு வண்டிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

போகும்போது ரயில் என்றால் திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலம் ரயில் பாலத்தைவிட உயரம். ரயில் பாதையையும் படகுகளையும் மேலிருந்து பார்க்க அதுதான் வாகு. ரயிலில் இருந்தால் பாலத்தையே பார்க்க முடியாது, கடல் மட்டும்தான் தெரியும்.

பஸ்ஸில் பெரிய பையோடு ஏறுகிறவர்கள் படும் பாடு தனி. டவுன் பஸ்ஸின் மேல்தட்டில் 30 லிட்டருக்கு மேற்பட்ட பை உட்காராது. மடியிலும் வைக்க முடியாது. முன்பக்கம் எஞ்சின் மூடியருகே வைக்கலாமா என்று ஓட்டுநரைக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். 10, 20 ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம், வெளியூர்ப் பெண்களுக்கும்தான். இளஞ்சிவப்பு முகப்பைப் பார்த்து ஏறுங்கள். புறநகர்ப் பேருந்தில் அது கிடையாது. ஊர் ஊராக இறங்கி ஏறினால் ஒரு பெண்ணுக்கு இந்தப் பயணத்தில் கணிசமாக மிச்சம்.

முதல் நாள் தெற்கே போங்கள். திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தர்ப்பைப் புல்லில் ராமன் பள்ளிகொண்ட கோலம் இங்கேதான். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விட வேண்டும். அங்கிருந்து சேதுக்கரை சில கிலோமீட்டர்தான். கடலைப் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயர் கோயில். பஸ் அடிக்கடி இல்லை, ஷேர் ஆட்டோவை நம்புங்கள். பிறகு கீழக்கரை. இங்குள்ள பழைய ஜும்மா பள்ளிவாசலை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் கோயில் மண்டபங்களில் உள்ளதே போன்ற கல்தூண்கள், அவற்றின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகள், ஆனால் உருவச் சிற்பம் ஒன்றுகூட இல்லாமல் பூவும் கொடியுமாகச் செதுக்கியது. திராவிடக் கட்டடக் கலை இஸ்லாத்துக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று புத்தகத்தில் படிப்பதைவிட இந்தத் தூண்களைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். தொழுகை நேரத்திலும் வெள்ளி நண்பகலிலும் போகாதீர்கள். வாசலில் இருப்பவரிடம் அனுமதி கேளுங்கள், தலையை மூடத் துணி வைத்திருங்கள். சீதக்காதி வள்ளல் பிறந்த ஊர் இது. கிளம்பும்போது தொதல் வாங்குங்கள். தேங்காய்ப் பாலும் மாவும் இனிப்பும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கிண்டுவது, பையில் நாலு நாள் கெடாது.

ஏர்வாடி தர்கா கீழக்கரைக்கு அடுத்து. சந்தனக்கூடு நாட்களில் கூட்டம் தாங்காது. மனநலம் குன்றியவர்களை அழைத்துக்கொண்டு பல மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து தங்கும் இடம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இங்கே ஒரு தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அங்கே யாரையும் படம் எடுக்காதீர்கள். அனுமதி கேட்டுக்கூட எடுக்காதீர்கள்.

இரண்டாம் நாள் வடக்கே. தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல், நவபாஷாணம். பரிகாரக் கூட்டம் சேருமுன் விடிந்ததும் போனால் நிதானமாகப் பார்க்கலாம். அங்கிருந்து தொண்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் உப்பூர் வெயிலுகந்த விநாயகர், பிறகு காரங்காடு. காரங்காட்டுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி உள்ளே போக வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும், அதனால் சனி, ஞாயிறு காலை நல்லது. ஓரியூருக்கு நேரம் இருந்தால் போங்கள். போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-இல் தலை வெட்டப்பட்ட இடம், செம்மண்ணை இன்றும் எடுத்துப் போகிறார்கள். வெட்ட உத்தரவிட்ட ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய ராமலிங்க விலாசம் ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கிறது. உள்ளே சுவர் முழுக்க ஓவியம்: போர், அரசவை, ராமாயணம். ஊர் திரும்பியதும் அதையும் பாருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இந்தச் சீமையின் வரலாறு புரியத் தொடங்கும்.

உத்தரகோசமங்கையை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மரகத நடராஜரின் சந்தனக் காப்பு ஆண்டுக்கு ஒருமுறை, ஆருத்ரா தரிசனத்துக்குத்தான் களையப்படும். அந்த நாளில் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. மற்ற நாளில் போனால் அமைதியான பெரிய கோயில், அரை நாள் கொடுங்கள்.

கேள்விக்கு நேரடிச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1914-இல் கடலுக்கு நடுவே ரயில் விட்ட மாவட்டத்தில், காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரிக்குக் கடலோரப் பாதை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. இன்னும் ஒரு தண்டவாளம் விழவில்லை. சாயல்குடிக்காரர் ரயில் ஏற ராமநாதபுரமோ தூத்துக்குடியோ போக வேண்டும். முண்டு மிளகாயும் உப்பும் கருப்பட்டியும் லாரியில்தான் போகின்றன. மக்கள் வருவதில்லை என்பார்கள். வர வழி எங்கே?

மூன்றாம் நாள் ராமேஸ்வரம். 22 தீர்த்தத்தில் குளிக்க 25 ரூபாய்ச் சீட்டு போதும். "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்பவர்களிடம் மாட்டாதீர்கள். ஈர உடையோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள், ஆகவே மாற்றுடையும் ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் வேண்டும். செல்போன் உள்ளே கூடாது. பை, போன் எல்லாவற்றையும் அறையில் வைத்துவிட்டுப் போவதே நிம்மதி. மூன்றாம் பிரகாரத்தை மட்டும் ஒருமுறை தனியாகச் சுற்றுங்கள்.

தனுஷ்கோடிக்கு 3-ஆம் எண் டவுன் பஸ். ஜீப், ஆட்டோவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையே இல்லை. பழைய ஊரில் இறங்கினால் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயம், ரயில் நிலையம் எல்லாம் பார்க்கலாம். ஆனால் அரிச்சல்முனைக்கு அங்கிருந்து 5 கிலோமீட்டர், வழியில் ஒரு மரம்கூடக் கிடையாது. முதலில் முனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஊரில் இறங்குங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி. மாலைக்குப் பிறகு இருக்க விட மாட்டார்கள், கடைசி பஸ் எப்போது என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேளுங்கள். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பார்கள். இரண்டும் முட்டும் முனையில் இழுவை மோசம். பெண்கடல் அமைதியாகத் தெரிகிறதே என்று இறங்காதீர்கள். கடையில் பவளப்பாறைத் துண்டு விற்றால் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நான்காம் நாள் வந்த வழியே திரும்ப வேண்டாம். பாம்பனில் இறங்கி, 1897-இல் விவேகானந்தர் கரையேறிய குந்துகால் பார்த்துவிட்டு, ராமநாதபுரம் வந்து சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி பஸ் பிடியுங்கள். உப்பளமும் பனங்காடுமாக வழி நெடுக ஜன்னலோரம் வேலை இருக்கும். தூத்துக்குடியிலிருந்து இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ், இதையும் முன்பே பதிவு செய்யுங்கள்.

கணக்கு: ரயில் இருவழியும் 900, அறையை இருவர் பகிர்ந்தால் 3 இரவுக்கு ஆளுக்கு 1,100, சாப்பாடு நாளுக்கு 300 என்று 1,200, பஸ், ஆட்டோ, படகு 700. 3,900 வருகிறது. தனியாக வந்தால் அறைக்கே இன்னொரு 1,100 கூடும், 4,000 போதாது. கோயில் வீதிகளில் பெரும்பாலும் சைவம். மீன் சாப்பாட்டுக்குப் பாம்பன், தங்கச்சிமடம் அல்லது மண்டபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான் வரும், விலை ஏறியிருக்கும். அந்த மாதங்களில் வெயிலும் கொல்லும். நுங்கும் பதநீரும் கிடைப்பது ஒன்றே ஆறுதல். ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம். நவம்பரில் மழைக்குத் தயாராக வாருங்கள்.