முதல் தடவை இத்தாலி: வாசகர் கேள்வி – பதில்

டிக்கெட் எடுத்தும் ரயிலில் அபராதம் கட்டியதாகச் சொல்கிறார்களே, ஏன்? – மதுரை வாசகி

முத்திரை குத்தாமல் ஏறியிருப்பார்கள். 'ரெஜொனாலே' எனப்படும் உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. ஒரே டிக்கெட்டை இரண்டாம் முறையும் ஓட்டிவிடக் கூடாதே, அதற்குத்தான் ஸ்டேஷனில் முத்திரை குத்தும் அந்தச் சின்னப் பெட்டி. டிக்கெட்டின் முனையைச் சத்தம் வரும்வரை உள்ளே செருகுங்கள். எடுத்ததும் தேதியும் நேரமும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்; மை தீர்ந்த பெட்டிகளும் உண்டு. அடுத்த பெட்டியும் மக்கர் செய்தால் பேனாவால் நாள், நேரம், ஸ்டேஷன் பெயரை எழுதிக்கொண்டு, ஏறியவுடன் நீங்களே போய்க் கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் சாக்குச் சொல்வதாகத்தான் நினைப்பார்.

செல்போனில் வாங்கிய ரெஜொனாலே டிக்கெட்டுக்கு முத்திரை இல்லை. ஆனால் ஏறுமுன் 'செக்-இன்' செய்ய வேண்டும். ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ போன்ற அதிவேக வண்டிகளுக்கு இந்த இரண்டும் வேண்டாம். வண்டியும் இருக்கையும் டிக்கெட்டிலேயே இருக்கும். மலிவு விலையில் எடுத்துவிட்டு வண்டியைத் தவறவிட்டால் பணம் பெரும்பாலும் போனதுதான்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? – கும்பகோணம் வாசகர்

பட்டினி கிடக்க வேண்டாம். 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா' – இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் – என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். 'மரினாரா' பிட்சா, பெயரில் கடல் இருந்தாலும், தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் அவ்வளவுதான், சீஸ்கூட இல்லை. பட்டியலில் 'அச்சூகே' என்று கண்டால் அது நெத்திலி வகை மீன். 'பெப்பெரோனி' என்றதும் இறைச்சி என்று பதற வேண்டாம், அங்கே அது குடைமிளகாய்!

பலர் கோட்டை விடுவது பார்மிஜானோ சீஸில். பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். கேட்காமலே பாஸ்தாமேல் தூவுவார்கள். 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ' என்று முன்பே சொல்லிவிடுங்கள். தாலியத்தெல்லே மாதிரி புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை இருக்கும். உலர்ந்த ஸ்பகெத்தியில் வழக்கமாக இருக்காது. காய்கறி சூப்பும் எலும்புச் சாற்றில் கொதித்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாக்குக்குத் தோது 'அர்ராபியாத்தா' பாஸ்தா: தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய்.

பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஏதோ போடுகிறார்களாமே? – கோவை வாசகர்

ஏமாற்று இல்லை. மேசைக்கும் ரொட்டிக்கும் ஆள் ஒன்றுக்கு வாங்கும் தொகை, மெனுவில் எழுதியிருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை. காபியை நின்றே குடியுங்கள். சுற்றுலா இடங்களில் உட்கார்ந்தால் விலை நன்றாக ஏறும்.

ரோமில் தெருக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? – திருச்சி வாசகி

தாராளமாக. தெருவுக்குத் தெரு 'நஸோனே' என்ற இரும்புக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். 'நோன் பொத்தாபிலே' என்று எழுதிய குழாய்களை மட்டும் விட்டுவிடுங்கள். நஸோனேயின் வளைந்த மூக்கை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். முதல் தடவை சட்டை நனையும்.