கரூவில் கேட்டது வேற்றுலகக் குரலா?

கேள்வி: 3ஐ/அட்லஸ் வால்மீனிலிருந்து நம்முடைய மீர்கேட் தொலைநோக்கி ரேடியோ சிக்னல் பிடித்துவிட்டதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. வால் சூரியனைப் பார்த்து நீண்டிருந்ததாம், அதனால் அது விண்கலம்தான் என்கிறான் அக்கா மகன். உண்மையா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: விண்கலம் இல்லை அம்மா. ஆனால் மீர்கேட் அதில் ஒன்றைக் கண்டுபிடித்தது நிஜம், அதை நினைத்து நாம் பெருமைப்படலாம். வடக்கு கேப் மாநிலத்தில், கரூ வறண்ட நிலத்தில் 64 கிண்ண வடிவ ஆன்டெனாக்களோடு நிற்கும் அந்தத் தொலைநோக்கி 2025 அக்டோபர் 24 அன்று, நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த இந்த வால்மீனைப் பார்த்தபோது, 1665, 1667 மெகாஹெர்ட்ஸில் ஹைட்ராக்சிலின் தடம் தெரிந்தது. வால்மீனின் பனி ஆவியாகி வெளியே வருகிறது, சூரியனின் புற ஊதாக் கதிர் அந்த நீராவியை உடைக்கிறது, உடைந்ததில் ஒரு துண்டுதான் ஹைட்ராக்சில். அப்புறம் முக்கியமான ஒன்று: அங்கே பதிவானது உறிஞ்சல். யாராவது ஒலிபரப்பியிருந்தால் அந்த அலைவரிசையில் அலை கூடியிருக்கும். இங்கே பின்னணியிலிருந்து வந்த அலை குறைந்திருந்தது.

இனி வால். 2025 ஜூலை 1 அன்று சிலியில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி இதைக் கண்டுபிடித்தது (அதே வலையமைப்பின் ஒரு தொலைநோக்கி நம் சதர்லாந்திலும் இருக்கிறது). அதே மாதம் 21ஆம் தேதி ஹப்பிள் எடுத்த படத்தில் தூசி சூரியன் இருக்கும் பக்கமாகவே பீறிட்டுக் கிளம்பியிருந்தது. வெயில் படும் பக்கம்தானே சூடாகும்? அந்தப் பக்கத்துப் பனி உருகாமலே நேராக வாயுவாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு பாய்கிறது. ஆகஸ்டில் வெப் தொலைநோக்கி பார்த்தபோது நீராவியைவிடக் கரியமில வாயு பல மடங்கு அதிகமாக இருந்தது. சூரியனிலிருந்து வெகு தூரத்திலேயே இது இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததற்கு அதுதான் பெரிய காரணம். நுண்ணிய தூசியைச் சூரிய ஒளியின் அழுத்தம் சீக்கிரம் பின்னால் தள்ளிவிடும், பருமனான துகள்களை அவ்வளவு லேசில் தள்ள முடியாது, அவை கொஞ்ச காலம் முன்பக்கமே நிற்கும். மின்னேற்றம் பெற்ற வாயுவோ சூரியக் காற்றில் அகப்பட்டு, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நேர்கோடாக நீளும். இது நம் சொந்த வால்மீன்களிலும் நடப்பதுதான், இன்னொரு நட்சத்திரத்தின் பக்கத்தில் உருவான பனியும் இப்படியே நடந்துகொள்வதை நேரில் பார்க்க முடிந்ததே எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

கேள்வி: 8 அங்குலத் தொலைநோக்கியில் நான் எடுத்த அட்லஸ் படங்களைக் கம்ப்யூட்டரில் சுழற்சி வடிகட்டி போட்டுப் பார்த்தால் வாயுவும் தூசியும் பீறிடும் நான்கு தாரைகள் தெரிகின்றன. நம்பலாமா?
- ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உடனே நம்பிவிடாதீர்கள். அந்த வடிகட்டி படத்தைக் கொஞ்சம் திருப்பி, அதிலிருந்தே கழிக்கிறது. நீங்கள் குறித்த மையம் ஓரிரு பிக்சல் விலகினாலும் இல்லாத தாரை முளைக்கும். வால்மீனைப் பின்தொடர்ந்து எடுத்த படமென்றால் நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டிருக்கும், அவையும் ஏமாற்றும். அன்றிரவு எடுத்த படங்களை இரண்டு பங்காகப் பிரித்துத் தனித்தனியே அடுக்கிப் பாருங்கள், பிறகு மையத்தை வேண்டுமென்றே சற்று நகர்த்தியும் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் நிற்கும் தாரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் (வால்மீனின் நடுவிலுள்ள பனிக்கரு சுழல்வதால் மணிக்கணக்கில் அது லேசாகத் திரும்பலாம், அது சரிதான்). இரண்டே தாரைகள் தேறினாலும் படம் எடுத்த நேரம், வடக்குத் திசை, அன்றைக்குச் சூரியன் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள்.