கும்பகோணத்துப் பெண் சீரியல் நடிகை ஆனால் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கல்லூரி முடிக்கப்போகும் தங்கைக்கு சீரியல் ஆசை, சம்பளமும் வேலையும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், ஊரிலிருந்து போய்வந்து நடிக்க முடியாது. பெரும்பாலான தமிழ்த் தொடர்களின் படப்பிடிப்பு சென்னையிலும் சுற்றுப்புறத்திலும்தான். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி ஆடிஷனுக்குப் போய்வரலாம்; வாய்ப்பு கிடைத்துவிட்டால் அங்கேயே ஜாகை.

சம்பளம் பொதுவாக நாள் கணக்கு. மாதத்தில் எத்தனை நாள் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் வருமானம். கதாநாயகிக்கு நாள் அதிகம். நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா வேடமென்றால் கதை அந்தப் பக்கம் திரும்பும்வரை வீட்டில்தான்.

வேலை? வசனத்தை முந்தின நாளே மனப்பாடம் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். பல செட்டுகளில் அன்று காலையில்தான் காகிதம் வரும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார். காதில் வாங்கிக்கொண்டே கண்ணில் அழுகையும் வர வேண்டும். கதையில் ஒரே ஒரு நிச்சயதார்த்தச் சாயங்காலம், திரையில் ஒரு வாரம் ஓடும். அதுவரை அதே பட்டுப்புடவை, அதே பூ, அதே பக்கம் விழுந்த முடிக்கற்றை.

டி.ஆர்.பி., அதாவது தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, சரிந்தால் தொடரையே சட்டென்று முடித்துவிடுவார்கள். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாய்ப்பு வாங்கித்தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

டெல்டாவிலிருந்து யார் வந்தார்கள் என்று வீட்டில் கேட்டால், மனோரமா பிறந்தது மன்னார்குடியில், 1937இல். அவருக்கும் நாடக மேடைதான் முதல் பள்ளிக்கூடம்; தங்கையும் கல்லூரி நாடகத்தில் இப்போதே சேரட்டும்.