மேகாலயாவைத் தெற்கு விளிம்பிலிருந்து பார்க்க வேண்டும்

‘மேகாலயாவின் புவியியல், வரலாறு, பண்பாடு ஆகியவற்றை ஒருசேரப் புரிந்துகொள்வது எப்படி? மழையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? ஒரு வாரப் பயணமாகப் போனால் எங்கே தொடங்கலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பணி மாறுதலில் ஷில்லாங்குக்குச் சென்று சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் குவாஹாட்டியில் இறங்கி, வடக்குப் பக்கமாக மலையேறி, ஷில்லாங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த மாநிலத்தின் மழைக்கும், மரப் பாலங்களுக்கும், பழைய வணிகத்துக்கும், போர்களுக்கும், இன்றைய சிக்கல்கள் பலவற்றுக்கும் காரணம் தேடினால், தெற்கே வங்கதேசத்தின் சில்ஹெட் சமவெளியை நோக்கிச் சுவர்போல இறங்கும் மலைவிளிம்பில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் நிலம். 22,429 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமியை இமயமலையின் கிளை என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இது தக்காணத்தின் உறவு. நம் தீபகற்பத்தின் தொன்மையான பாறைத் தொகுதி வடகிழக்காக நீண்டு, ராஜ்மகால் குன்றுகளுக்கும் காரோ மலைக்கும் இடையே தாழ்ந்து, அந்தத் தாழ்வைக் கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டலால் நிரப்பிவிட்டதால், மறுமுனை மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. அதன் தெற்கு ஓரம் ஒரு காலத்தில் கடலடியில் இருந்ததால், பழம்பாறையின் மேல் சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் நிலக்கரியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. இந்த அடுக்குகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

மழையின் கணக்கு எளிது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் பருவக்காற்று வங்கதேசத்தின் தட்டையான வெளியைத் தடையின்றிக் கடந்து வந்து, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்துக்குத் திடீரென எழும் இந்த மலைச்சுவரில் மோதுகிறது. ஆழமான பள்ளத்தாக்குகளுக்குள் நெருக்கப்பட்டு மேலெழும் அந்தக் காற்று தன் ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. மௌசின்ராமின் ஆண்டுச் சராசரி 11,800 மி.மீ.க்கு மேல். நாம் சிரபுஞ்சி என்று பாடப்புத்தகத்தில் படித்த, உள்ளூரார் சோரா என்றே அழைக்கும் ஊரின் சராசரியும் அதை ஒட்டியதே. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் அங்கே 26,000 மி.மீ.க்கும் அதிகமான மழை பதிவாயிற்று. சென்னையில் ஓராண்டில் பெய்வது சுமார் 1,400 மி.மீ. இத்தனைக்கும், சோராவுக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஷில்லாங்குக்குக் கிடைப்பது சோராவின் மழையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சோராவில் மழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் கொட்டுவதால் பகல் வேலை அடியோடு நின்றுவிடுவதில்லை. வயலில் களையெடுக்கும் பெண்கள், மூங்கில் சட்டத்தில் இலைகளை வேய்ந்து செய்த, முதுகை முழுவதுமாக மூடும் க்னுப் என்ற கூட்டைத் தலையில் மாட்டிக்கொள்கிறார்கள். நம் பக்கத்துக் கொங்காணி வகைதான் அது. ஆனால் குனிந்து வேலை செய்யும்போது இரண்டு கைகளும் முழு விடுதலையாக இருக்கும்படி, ஆமை ஓடு போல வளைத்துக் கட்டியிருப்பார்கள்.

இவ்வளவு மழை பெய்யும் ஊரில் டிசம்பர் பிறந்ததும் குடிநீருக்குக் குடங்களையும் பிளாஸ்டிக் கேன்களையும் வரிசையில் வைத்துக் காத்திருக்கிறார்கள். மேல்மண்ணை மழை அரித்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய நீரைச் சுண்ணாம்புப் பாறை உள்ளே விழுங்கிக் குகைகளாகக் குடைந்துகொண்டிருக்கிறது. சோராவுக்கு அருகிலுள்ள மௌம்லூ குகையில், கூரைச் சொட்டு விழுந்து விழுந்து தரையிலிருந்து வளர்ந்த ஒரு கல் தூணை ஆராய்ந்தபோது, 4,200 ஆண்டுகளுக்கு முன்பு உலகின் பல பகுதிகளை வாட்டிய ஒரு பெரும் வறட்சியின் தடயம் தெளிவாகக் கிடைத்தது. அதைக் கொண்டே, புவி வரலாற்றில் நாம் வாழும் இன்றைய காலப்பிரிவுக்கு ‘மேகாலயக் காலம்’ என்ற பெயர் 2018-இல் முறைப்படி சூட்டப்பட்டது. உலகின் மிக ஈரமான மூலையில் வறட்சியின் ஆவணம் கிடைத்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

மாநிலத்தின் முக்கியப் பழங்குடியான காஸி மக்களில் இந்தச் சரிவில் வாழும் ஒரு பிரிவினர் வார் எனப்படுகிறார்கள். நெல் விளையாத செங்குத்து நிலத்தில் அவர்கள் பாக்கு, வெற்றிலை, ஆரஞ்சு, பிரிஞ்சி இலை, மிளகு ஆகியவற்றைப் பயிரிட்டு, கீழேயுள்ள சமவெளிச் சந்தைகளுக்குச் சுமந்து சென்று, அரிசியும் உப்பும் கருவாடும் வாங்கிவந்தார்கள். மழைக்காலத்தில் ஓடைகள் காட்டாறுகளாகிவிடும். மூங்கில் பாலம் போட்டால் சில பருவங்களில் உளுத்துப்போகும் அல்லது அடித்துச் செல்லப்படும். அதற்கு அவர்கள் கண்ட வழி வேர்ப் பாலம். கரையில் சீமையால மரத்தை நட்டு, அதன் விழுதுகளை, பிளந்து குடைந்த பாக்குமரத் தண்டுகளின் வழியே எதிர்க்கரைக்குச் செலுத்துவார்கள். அங்கே மண்ணைத் தொட்ட வேர் ஊன்றிக்கொள்ளும். பிறகு புதிய விழுதுகளைக் கைப்பிடியாகவும் குறுக்குச் சட்டமாகவும் முறுக்கிப் பின்னி, இடுக்குகளில் கற்களைப் பரப்பி நடைபாதையாக்குவார்கள். ஆள் நடமாடும் அளவுக்கு உறுதிப்பட 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும். நட்டவரைவிட அவருடைய பேரப்பிள்ளைகளுக்கே அது மிகுதியாகப் பயன்படும். மரம் உயிரோடு இருக்கும் வரை பாலம் ஆண்டுக்கு ஆண்டு வலுவடைகிறது. நோங்ரியாட் ஊரிலுள்ள இரட்டை அடுக்குப் பாலத்தைப் பார்க்க தைர்னாவிலிருந்து சுமார் 3,000 படிகள் இறங்க வேண்டும். வெள்ளத்தில் கீழ்ப்பாலம் மூழ்கும் நாட்களுக்காக மேல்பாலத்தைப் பிற்பாடு வளர்த்ததாக ஊரார் சொல்கிறார்கள். இறங்குவது எளிது, மறுநாள் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள்.

பாக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் க்வாய் தருவார்கள்: சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலையோடு, ஊறவைத்து நொதித்த பச்சைப் பாக்கு. நம் தாம்பூலம் என்று நம்பி வாயில் போட்டுக்கொண்டால், காது மடல் சூடாகி நெற்றி வியர்த்துவிடும். அந்தக் குளிருக்கு அது தேவையாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் தொலைவையே ‘இத்தனை க்வாய் மெல்லும் தூரம்’ என்று சொல்வார்களாம். இறந்தவரைப் பற்றிப் பேசும்போதும், கடவுளின் வீட்டில் க்வாய் சாப்பிடுகிறவர் என்றே குறிப்பிடுகிறார்கள். அந்த வெற்றிலைக்கான சுண்ணாம்பும் இந்த விளிம்பில் இருந்தே வருகிறது. 1778 முதல் சில்ஹெட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த ராபர்ட் லிண்ட்சே, காஸித் தலைவர்களிடம் சுண்ணாம்புக்கல் வெட்டும் உரிமையைப் பெற்று, படகில் ஏற்றிக் கொல்கத்தாவுக்கு அனுப்பிப் பொருள் ஈட்டினார்.

மலைக்குள் ஆங்கிலேயர் நுழைய விரும்பியதற்கு வணிகத்தைவிட முக்கியமான காரணம் சாலை. 1826-இல் பர்மாவுடன் செய்த யாந்தபோ உடன்படிக்கையின்படி அசாம் கைக்கு வந்ததும், பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கையும் சில்ஹெட்டையும் இணைக்கும் குறுக்கு வழி காஸி மலையின் ஊடே தேவைப்பட்டது. நொங்க்லாவ் என்ற காஸிச் சிற்றரசின் தலைவர் தீரோத் சிங், டேவிட் ஸ்காட் என்ற அதிகாரியின் வேண்டுகோளைத் தம் அவையில் வைத்து விவாதித்தே இசைவு தந்தார். அங்கே தலைவன் தனித்து முடிவெடுக்க முடியாது. தர்பார் கூடிப் பேசியாக வேண்டும். ஆனால் சாலையோடு வரியும் ஆதிக்கமும் வரப்போகின்றன என்ற அச்சம் வலுத்ததும், 1829 ஏப்ரலில் அவருடைய வீரர்கள் நொங்க்லாவில் இருந்த ஆங்கிலேயர் மீது பாய்ந்தனர். வில்லும் வாளும் கொண்டு நான்காண்டுகள் நடந்த அந்த மலைப்போர், 1833-இல் அவர் பிடிபட்டதோடு ஓய்ந்தது. டாக்காவில் காவலில் இருந்தபடியே 1835 ஜூலை 17 அன்று அவர் இறந்தார்.

கிழக்கே ஜெயந்தியா அரசின் கதையும் இதே விளிம்பைச் சுற்றியதுதான். அவ்வரசர்களின் தலைநகரான ஜெயந்தியாபூர் சமவெளியில், இன்றைய வங்கதேசத்தில் இருக்கிறது. மலைமேல் நார்தியாங் அவர்களின் கோடைத் தலைநகர். நார்தியாங்கில் எட்டு மீட்டர் உயரம் வரை நிற்கும் நடுகற்கள் ஆண்களையும், அவற்றின் அடியில் மேசை போலப் படுத்திருக்கும் பலகைக் கற்கள் பெண்களையும் குறிப்பவை. அருகிலுள்ள துர்க்கை கோயிலில் பூஜைக்காலத்தில் வாழைத்தண்டையே அம்மனாக அலங்கரித்து, இறுதியில் ஆற்றில் விடுகிறார்கள். 1835-இல் கம்பெனி சமவெளியைப் பறித்துக்கொண்டதும், வருவாய் தரும் நிலம் போன பிறகு மலையை மட்டும் வைத்துக்கொள்ள விரும்பாமல் அரசர் அதையும் விட்டுவிட்டார். பின்னர் வீட்டு வரியும் வருமான வரியும் விதிக்கப்பட்டபோது எழுந்த கிளர்ச்சியை நடத்திய கியாங் நங்பாவை 1862 டிசம்பர் 30 அன்று ஜோவாயில் தூக்கிலிட்டார்கள்.

பண்பாடு என்றதும் எல்லோரும் கேட்பது தாய்வழி முறையைப் பற்றித்தான். காஸி மக்களிடையே பிள்ளைகள் தாயின் குலப்பெயரையே தாங்குகிறார்கள். ஒரே குலத்துக்குள் மணம் புரிவது பெருங்குற்றம். பூர்விக வீடு கடைக்குட்டி மகளுக்குப் போகிறது. இதைப் ‘பெண்களின் ஆட்சி’ என்று எழுதுவது மிகை. கடைசி மகள் பெறுவது சொத்தைவிடப் பொறுப்பு என்றே சொல்ல வேண்டும்: பெற்றோரை வைத்துப் பராமரிப்பது, குடும்பச் சடங்குகளை நடத்துவது, நொடிந்து திரும்பும் உடன்பிறந்தோருக்கு இடம் கொடுப்பது எல்லாம் அவள் கடன். அந்த வீட்டை விற்பதென்றால் தாய்மாமன்மாரின் சம்மதம் வேண்டும். தாய்மாமனின் சொல்லுக்குள்ள எடை நமக்கு விளக்கத் தேவையில்லாத ஒன்று. ஊர்த் தர்பாரிலோ மரபாகப் பெண்களுக்கு இடமே கிடையாது.

காஸி மொழி கம்போடியாவின் கெமர் மொழிக்கு உறவான ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1841-இல் சோராவுக்கு வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் அதை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை நிலைநிறுத்தினார். 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள் சுமார் முப்பது லட்சம் பேரில் நான்கில் மூவர் கிறித்தவர்கள். பழைய சமயத்தைக் காப்பதற்காக 1899-இல் தொடங்கப்பட்ட செங் காஸி அமைப்பு, ஏப்ரல் மாதத்தில் ஷில்லாங் திடலில் நடத்தும் நடனத்தைத் தவறவிடாதீர்கள். வெள்ளிக் கிரீடமும் பவளமாலையும் அணிந்த மணமாகாத பெண்கள், தரையிலிருந்து பாதம் எழாத அளவுக்கு நுணுகிய அசைவில், தாழ்ந்த பார்வையோடு நடுவில் நகர, வாளும் சாமரமும் ஏந்திய ஆண்கள் அவர்களைக் காப்பதுபோல வெளிவட்டத்தில் சுற்றிவருவார்கள். முதல்முறை பார்ப்பவருக்குப் பெண்கள் நிற்கிறார்களா நகர்கிறார்களா என்றே பிடிபடாது.

மேற்கிலுள்ள காரோ மக்களும் தாய்வழியினரே என்றாலும், மொழி திபெத்திய-பர்மியக் குடும்பம். அறுவடைக்குப் பின் அவர்கள் நடத்தும் வாங்காலா விழாவின் நீள மத்தளங்களும் வேறோர் உலகம். அது தனியொரு பதிலுக்குரியது.

1947 ஜூலையில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சில்ஹெட்டின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. வார் ஊர்களைப் பொறுத்தவரை, ஒருநாள் நடைத்தொலைவில் இருந்த சந்தை வெளிநாடாகிவிட்டது. அழுகும் ஆரஞ்சையும் வெற்றிலையையும் கீழே இறக்குவதற்குப் பதிலாக மலையுச்சிக்கு ஏற்றி ஷில்லாங்குக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தது. இன்றைய வறுமையைப் பேசுகிறவர்கள் இந்த முறிவைப் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை என்பது என் கருத்து. 1960-இல் அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தபோது மலைத் தலைவர்கள் ஒன்றுகூடித் தனி மாநிலம் கோரினர். 1970 ஏப்ரல் 2 அன்று அசாமுக்குள் தன்னாட்சி மாநிலமாகவும், 1972 ஜனவரி 21 அன்று முழு மாநிலமாகவும் மேகாலயா உருவானது. வில்லியம்சன் சங்மா முதல் முதலமைச்சர்.

நிலமும் அதனடியில் உள்ள கனிமமும் பெரும்பாலும் குலங்களுக்கும் தனியாருக்கும் உரியவை என்பதால், ஜெயந்தியா மலையில் ஆள் தவழ்ந்து செல்லும் அளவே உள்ள எலிவளை நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. ஓடைகள் அமிலமாயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை விதித்த பின்னும் அவை நிற்கவில்லை. 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் வெள்ளம் புகுந்த சுரங்கத்துக்குள் குறைந்தது 15 தொழிலாளர் சிக்கினர். எல்லையைத் தாண்டும் வணிகமோ சிறிது மீண்டிருக்கிறது. ஷெல்லாப் பகுதியின் சுண்ணாம்புக்கல், 17 கிலோமீட்டர் நீளமுள்ள கன்வேயர் பட்டையில் எல்லையைக் கடந்து வங்கதேசத்தின் சிமென்ட் ஆலைக்குச் செல்கிறது. 2011 முதல் காலாய்சர் போன்ற இடங்களில் எல்லைச் சந்தைகளும் கூடத் தொடங்கின.

ஆகவே ஒரு வாரம் இருந்தால், ஷில்லாங்குக்கு ஒரு நாள் போதும். ஜோவாய், நார்தியாங் வழியாக எல்லையோர ஊரான தாவ்கிக்கு இறங்குங்கள். ஆற்றில் படகுப் படம் எடுக்கும் கூட்டம் காலை ஒன்பது மணிக்கு மேல் சேர்ந்துவிடும். அதற்கு முன்பே அங்கிருந்து சில்ஹெட் சமவெளியைப் பார்த்துவிடுங்கள். பிறகு சோராவில் இரண்டு இரவுகள் தங்கி, நோங்ரியாட்டுக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். அக்டோபர் தொடக்கம் ஏற்ற காலம்: அருவிகளில் நீர் இருக்கும், படிகளில் வழுக்கல் குறைந்திருக்கும்.