தனியார் அடித்த செப்பு டோக்கன்கள்: கேள்வி பதில்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கம்பெனிகளும் கடைக்காரர்களும் சொந்தமாக வெளியிட்ட செப்புக் காசுகள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கே: அரசாங்கம் இருக்கும்போது ஒரு கம்பெனி எப்படிக் காசு அடித்தது?

அரசு அடிக்கவில்லை, அதனால்தான். 1775-க்கு அப்புறம் லண்டன் நாணயச்சாலை செப்புக் காசு பக்கமே திரும்பவில்லை. அதே சமயம் ஆலைகள் பெருகி வாரக்கூலி வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சில்லறை இல்லாத இடத்தில் கள்ளக்காசு புகுந்தது. 1787-இல் நாணயச்சாலையே சோதித்துப் பார்த்ததில், புழங்கிய அரைப்பென்னிகளில் ஓரளவாவது அசலைப் போல இருந்தவை நூற்றுக்கு எட்டுதான். கள்ளக்காசை மொத்தமாக மலிவு விலைக்கு வாங்கி அதையே கூலியாகக் கொடுத்த முதலாளிகளும் உண்டு. உழைத்தவன் தலையில்தான் எல்லா நஷ்டமும் விழுந்தது.

கே: முதல் டோக்கன் யாருடையது? அதை ஏன் நம்பினார்கள்?

வேல்ஸில் ஆங்கிள்சி தீவின் பாரிஸ் (Parys) செப்புச் சுரங்கக் கம்பெனி, 1787. பின்னால் இருந்தவர் தாமஸ் வில்லியம்ஸ். ஒரு பக்கம் ஓக் இலை வளையத்துக்குள் முக்காடு போட்ட தாடிக்கார 'ட்ரூயிட்' (Druid), அதாவது பழங்கால பிரிட்டனின் பூசாரி. மறுபக்கம் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிய முத்திரை, அதைச் சுற்றி 'கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவோம்' என்ற வாக்கு. லண்டன், லிவர்பூல், ஆங்கிள்சி எங்கே கொடுத்தாலும் பணம் கிடைக்கும் என்று ஓரத்தில் பொறித்திருந்தார்கள். எடையும் ஏறத்தாழ ஒரு அவுன்ஸ், நல்ல செம்பு. எடையும் வாக்கும் சரியாக இருந்தால் ராஜாவின் தலை இல்லாமலே காசு ஓடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கே: என்னிடம் ஒரு அரைப்பென்னி டோக்கன் இருக்கிறது. உண்மையில் புழங்கியதா?

முதலில் ஓரத்தைப் பாருங்கள். எந்த ஊரில், யாரிடம் மாற்றலாம் என்று இருந்தால் நல்ல அறிகுறி. 1790-களில் சேகரிப்பவர்களுக்காகவே ஒரு டோக்கனின் முன்பக்கத்தையும் வேறொன்றின் பின்பக்கத்தையும் ஒட்டுப்போட்டு நிறைய அடித்துத் தள்ளினார்கள். அவை கடைத்தெருவைப் பார்த்ததே இல்லை.

கே: எப்போது நின்றது?

1797-இல் மாத்யூ போல்டன் என்ற தொழிலதிபர் பர்மிங்காமில் தன் சோஹோ ஆலையில் நீராவி எந்திரத்தில் அரசுக்காகக் கனமான பென்னி அடித்தார். அதோடு டோக்கன்களின் தேவை குறைந்தது. 1811-இல் மறுபடி தட்டுப்பாடு, மறுபடி டோக்கன்கள். 1817-இல் வந்த சட்டம் தடை போட்டது.

கே: நம்மூருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. மதராஸுக்கான 1808-ஆம் வருடத்து 10, 20 காசு நாணயங்கள் அதே சோஹோவில் அடித்தவை. அவற்றை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. கிடைத்த காசுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. வாங்கினால் தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள், செம்பின் மேல்தோல் போனால் திரும்ப வராது.