ஒரு கப்பல், மூன்று பட்டியல்கள்

அன்புள்ள சார்,

இரண்டாம் உலகப்போரில் சரக்குக் கப்பல்களைக் காக்க, அவற்றில் பீரங்கி இயக்கப் போன கடற்படை வீரர்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெயர்கூடத் தெரியாமல் கடலோடு போய்விட்ட அவர்களை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அந்த ஒற்றைப் பீரங்கியால் ஏதாவது பயன் இருந்ததா? நீர்மூழ்கிக்கு முன்னால் அது வெறும் பொம்மைதானே? இவர்களை வைத்து ஒரு நாவல் எழுதலாமா என்றும் யோசிக்கிறேன்.

ம.,
காரைக்கால்

அன்புள்ள ம.,

நாவல் எழுத என் அனுமதி எதற்கு? எழுதுங்கள். தூக்கம் வராவிட்டால் எழுத நேரமும் கிடைக்கும்.

பீரங்கி பொம்மை இல்லை. அந்தக் காலத்து நீர்மூழ்கி பெரும்பாலும் நீர்மேல்தான் ஓடியது. டார்ப்பீடோ விலை அதிகம், கைவசம் இருப்பதும் கொஞ்சம். ஜெர்மானியர்கள் அதிகம் பயன்படுத்திய 7-சி ரக நீர்மூழ்கியில் 14தான் இருக்கும். எதிரில் வருவது ஆயுதமில்லாத கப்பல் என்றால் மேலே வந்து நிதானமாகப் பீரங்கியாலேயே சுட்டு மூழ்கடித்துவிடலாம். கப்பலின் பின்தளத்தில் ஒரு நாலு அங்குலப் பீரங்கி இருந்தால் அந்தத் தைரியம் வராது. முங்க வேண்டும், முங்கினால் வேகம் போய்விடும். பீரங்கியைப் பின்பக்கம் வைத்ததற்கும் காரணம் உண்டு: தப்பி ஓடும்போது சுட்டால்தான் அது தற்காப்பு. சரி, உங்கள் கேள்வி முடிந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது “பெயர்கூடத் தெரியாமல்” என்ற இடத்தில். யார் சொன்னார்கள் உங்களுக்கு? பெயர்கள் கல்லிலும் வெண்கலத்திலும் இருக்கின்றன. எங்கே இருக்கின்றன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இது என்னை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு உடனே பதில் எழுதுகிறேன்.

லண்டன் போனபோது டவர் ஹில்லில் உள்ள வணிகக் கப்பல் மாலுமிகள் நினைவிடத்தைப் பார்த்தேன். முதல் போருக்கானதை வடிவமைத்தவர் நம் புது டெல்லியை வடிவமைத்த லட்யன்ஸ். அதை ஒட்டி இரண்டாம் போருக்கானது, 1955இல் திறந்தார்கள், கிட்டத்தட்ட 24,000 பெயர்கள். வெண்கலப் பலகைகளில் முதலில் கப்பலின் பெயர், அதற்குக் கீழே அதில் செத்தவர்கள். யார் யாரோடு போனார்கள் என்று பார்த்தவுடன் தெரிகிறது. எனக்கு அந்த முறை மிகவும் பிடித்தது.

ஆனால் அதே கப்பலின் பின்தளத்தில் பீரங்கியோடு நின்று செத்த கடற்படைக்காரன் அந்தப் பலகையில் இல்லை. அவன் சாத்தமிலோ போர்ட்ஸ்மத்திலோ பிளிமத்திலோ உள்ள கடற்படை நினைவுத்தூணில் இருக்கிறான். அங்கே ஆண்டு வாரியாக, பதவி வாரியாகப் பெயர்கள். எந்தக் கப்பலில் செத்தான் என்று அந்தக் கல் சொல்லாது. இதில் வேடிக்கை, நடுநிலை நாட்டுத் துறைமுகங்களில் சிக்கல் வரக்கூடாதென்று இவர்களைக் கப்பலின் பதிவேட்டில் சாதாரண டெக் ஆட்களாகக் கையெழுத்துப் போட வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தவரை கப்பலின் ஆள், செத்ததும் கடற்படையின் ஆள்.

மூன்றாவது பட்டியல் நம்முடையது. பல பிரிட்டிஷ் கப்பல்களில் கீழே கொதிகலனுக்குக் கரி தள்ளியவர்கள் சில்ஹெட், பஞ்சாப் பக்கத்திலிருந்து போன லஸ்கர்கள், அதாவது நம் ஊர் மாலுமிகள். டார்ப்பீடோ அடித்தால் முதலில் தண்ணீர் வருவது இவர்கள் நிற்கும் இடத்தில். இவர்களுக்குப் பலகையே கிடையாது, பெயர்களை எழுதிவைத்த ஒரு புத்தகம்தான். பிரிக்கப்படாத இந்தியாவின் வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேர், கடற்படையினர் 400க்கும் மேல். அதன் ஒரு பிரதி மும்பைக்கு, ஒன்று சிட்டகாங்குக்கு. ஒரே ராத்திரியில் ஒரே தண்ணீரில் செத்தவர்களைச் சம்பளம் கொடுத்தது யார் என்று பார்த்து, கல்யாண வீட்டில் தனித்தனிப் பந்தி போடுவதுபோல உட்கார வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கர்கள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. சரக்குக் கப்பல்களில் பீரங்கி இயக்கிய அவர்களின் ‘ஆர்ம்டு கார்டு’ என்ற கடற்படைப் பிரிவில் சுமார் 1,45,000 பேர் போனார்கள், 1,800க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. 1942 செப்டம்பர் 27 அன்று தென் அட்லாண்டிக்கில் ‘ஸ்டீபன் ஹாப்கின்ஸ்’ என்ற சரக்குக் கப்பல், ‘ஸ்டியர்’ என்ற ஜெர்மன் தாக்குதல் கப்பலோடு பீரங்கிச் சண்டை போட்டது. பீரங்கிப் படையின் தலைவர் கென்னத் வில்லெட், வயிற்றில் காயத்தோடு சுட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய ஆட்கள் விழுந்தபின் எட்வின் ஓஹாரா என்ற 18 வயது கேடட், எஞ்சின் பயிற்சியில் இருந்த பையன், மிச்சமிருந்த ஐந்து குண்டுகளையும் சுட்டுவிட்டுச் செத்தான். இரண்டு கப்பல்களும் மூழ்கின. உயிர்காப்புப் படகில் 31 நாள் மிதந்து பிரேசில் கரை சேர்ந்தவர்கள் 15 பேர்.

வில்லெட்டுக்குக் கடற்படையின் வீரப் பதக்கமான நேவி கிராஸ். ஓஹாராவுக்கு வணிகக் கடற்படையின் பதக்கம். ஒரே பீரங்கி, ஐயா! அதே பீரங்கி! பிழைத்து வந்த வணிக மாலுமிகளுக்கு முன்னாள் போர்வீரர் தகுதி கிடைத்தது 1988இல். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நீங்களும் பீரங்கிக்காரர்களை மட்டும் தனியே எடுத்து நாவல் எழுதப் போவதாகச் சொல்கிறீர்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். கொதிகலன் அறையில் நிற்கிறவனுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.